சனிக்கிழமை வாழைப்பழம்

பிப்ரவரி 17, 2024, சனி
டுரியான் துங்கல்

குரங்குகளுக்குக் கிழமை தெரியும். காலை எட்டரைக்கே பெரிய கால்வாயின் வேலிமேல் வந்து உட்கார்ந்துவிட்டன. எதிர்வீட்டு அக்கா குளித்து, திருநீறு பூசி, ஒரு சீப்புப் பழத்தோடு கேட்டைத் திறக்கும் நேரம் அவற்றுக்கு மனப்பாடம். மகனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. அதற்காக ஆஞ்சநேயருக்கு வேண்டுதல். பழம் தீர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகுதான் தெரு முழுக்க அவற்றுக்குச் சொந்தமாகிறது: மூலைவீட்டு மலாய்ப் பெரியவர் பாச்சிக்கின் மாங்காய், சீன அங்கிளின் குப்பைத் தொட்டி, கொடியில் காயும் என் புடவை. வேண்டுதல் அக்காவுக்கு, பிரசாதம் எங்களுக்கு.

பிப்ரவரி 20, செவ்வாய்

மழையே இல்லை. 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா முழுக்கத் தண்ணீர் லாரிக்காக வாளியோடு நின்றது நினைவுக்கு வருகிற மாதிரி வெயில். காலையில் ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, என் ஏர்கண்டிஷன் குழாயில் சொட்டும் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தது. விரட்ட மனம் வரவில்லை.

நான் வளர்ந்த புக்கிட் அசாஹான் தோட்டம் லேடாங் மலையின் அடிவாரம். அங்கே குரங்கு விருந்தாளி கிடையாது. லயத்துக்குப் பின்னால் அப்பா மரவள்ளி போட்டிருந்தார். பால்வெட்டு முடிந்து வந்ததும் அவருடைய இரண்டாவது வேலை தகர டின்னைத் தட்டுவது. பகலில் குரங்கு, ராத்திரியில் காட்டுப்பன்றி. சாமி அலமாரியில் அனுமார் படம், கதவுக்குப் பின்னால் உண்டிவில். இரண்டுக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. யாரும் பழம் வைத்துக் கூப்பிடவில்லை. அது வந்தால் ஓட்டினோம், போனால் விட்டோம்.

இங்கே வருபவை நீண்ட வால்காரக் கெரா. கட்டை வால் பெரோக் வேறு. தேங்காய் பறிக்கப் பழக்குவது அதைத்தான். பெரோக் பற்றி ஒரு ஆய்வு 2019-இல் வந்தது. பேராக், செகாரி மெலிந்தாங் காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறார்கள்: ஒரு கூட்டம் வருஷத்துக்குச் சுமார் 3,000 எலிகளைத் தின்கிறதாம். எலி தின்று சேதமாகும் பழம் 10 சதவீதத்திலிருந்து 3-க்கும் கீழே இறங்கும் என்று கணக்குச் சொன்னார்கள். இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால், "அப்ப என் மரவள்ளிய யாரு தின்னா?" என்று கேட்டிருப்பார்.

பிப்ரவரி 24, சனி, மாசி மகம்

அக்காவோடு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். வெயிலில் காவடிகள், மோர்ப் பந்தல், வண்டி நிறுத்த இடமில்லை. திரும்பும்போது காரில் பேச்சை எடுத்தேன். வேறு எங்கேயும் எடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவார்.

"பாவம் டீச்சர். அதுங்க காட்ட நாமதான எடுத்துக்கிட்டோம்?"

இதற்குப் பதில் சொல்வது எளிதில்லை. எங்கள் தாமான் குடியிருப்பே ரப்பர் அழிந்து செம்பனையாகி, செம்பனை அழிந்து வந்த இடம். கால்வாய்க்கு அப்பால் மிச்சமிருக்கும் புதரும் எத்தனை நாளைக்கோ. அக்கா சொல்வது முழுக்க நியாயம். ஆனால் எடுத்த காட்டுக்கு வட்டியாக வாரம் ஒரு சீப்பு கொடுத்தால் அது காட்டுக்குத் திரும்புமா? மனிதன் கையில் சோறு இருக்கிறது என்று பழகினால், பிறகு கேட்காமல் பிடுங்கும். பிடுங்கினால் புகார். புகார் வந்தால் கூண்டு. இதைச் சொன்னேன். அக்கா ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ராத்திரி சூராவ் தொழுகைக்கூடத்துப் பக்கத்துக் கொட்டகையில் தெருக்கூட்டம். ஒருவர் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிட்டுக் கூண்டு வைக்கச் சொன்னார். இன்னொருவர் காற்றுத் துப்பாக்கி என்றார். பாச்சிக் அவரை உட்கார வைத்தார்: 2010 வனவிலங்குச் சட்டத்தில் கெரா பாதுகாக்கப்பட்ட விலங்கு, உரிமம் இல்லாமல் கை வைத்தால் வழக்கு. என் பங்குக்கு, 2022-இல் உலகப் பட்டியலில் இந்தக் குரங்கை அழியும் ஆபத்தில் உள்ளவற்றோடு சேர்த்துவிட்டார்கள் என்றேன். கொட்டகையே சிரித்தது. எங்கள் கூரைமேல் நடப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

கூண்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. கெராக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே இருக்கும். ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். நாலைந்தைப் பிடித்துப் போனால் மிச்சம் இருப்பது குட்டி போடும், இல்லாவிட்டால் பக்கத்துக் கூட்டம் உள்ளே வரும். தின்ன இருக்கும்வரை இடம் காலியாக இருக்காது.

கடைசியில் காய்ச்சல் பற்றிக் கேட்டார்கள். குரங்கு மலேரியா உண்மைதான். 1965-இல் பகாங் காட்டுக்குப் போன அமெரிக்கர் ஒருவரிடம் முதலில் கண்டார்கள். 2018 முதல் உள்ளூரில் பழைய மனித மலேரியா ஒன்றுகூட இல்லாத இந்த நாட்டில் இன்று மிஞ்சியிருப்பது அதுதான். ஆனால் பரப்புவது காட்டோரக் கொசு, அதிலும் பெரும்பாலும் சபா, சரவாக்கில். வேலிமேல் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்ததும் ஜுரம் வராது.

மார்ச் 2, சனி

நடந்துவிட்டது. அக்காவின் பேரன் ரொட்டிப் பையோடு வெளியே வந்தான். பெரிய ஆண் ஒன்று பையைப் பிடித்தது, பையன் விடவில்லை. கையில் கீறல். சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அது படித்து வைத்திருக்கிறது. பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: பையை விட்டுவிடு, ஓடாதே, கண்ணைப் பார்க்காதே, பல்லைக் காட்டிச் சிரிக்காதே. பல் காட்டினால் அதை அது சிரிப்பாக எடுத்துக்கொள்ளாது. அக்கா ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி சிகாகோவிலிருந்து தங்கை மகன் பேசினான். அவன் ஊர் நடுவிலேயே ஓநாய்க்கு உறவான கொயோட்டி என்ற விலங்கு திரிகிறதாம். 2000-இலிருந்து கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்கிறார்கள். பெரும்பாலானவை மனிதர் கண்ணில் படாமல் எலி, முயல் பிடித்துப் பிழைக்கின்றன. தொல்லை தொடங்குவது பெரும்பாலும் யாராவது தீனி வைத்த பிறகுதான் என்கிறான். அங்கேயும் ஒரு அக்கா இருப்பார் போல.

மார்ச் 9, சனி

நேற்றுச் சிவராத்திரி. அக்கா சீப்பைக் கோயிலில் கொடுத்து, கண்விழிக்க வந்தவர்களுக்குப் பங்கிடச் சொல்லிவிட்டார். ஆஞ்சநேயர் கோபிப்பாரா என்று குருக்களிடமும் கேட்டிருக்கிறார். குருக்கள் சிரித்தாராம்.

இன்று எட்டரைக்குக் கூட்டம் வந்தது. கேட் திறக்கவில்லை. ஒன்பது மணிக்குள் மூன்று தொட்டி கவிழ்ந்தது. முன்பைவிட மோசம் என்று தெருவில் ஒரே முணுமுணுப்பு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சில வாரம் இப்படித்தான் இருக்கும், பொறுக்கணும் என்றேன். சீன அங்கிள் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தொட்டி மூடிக்கு இழுவை செய்து எல்லோருக்கும் கொடுத்தார். குரங்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. குப்பையை முந்தின ராத்திரி வெளியே வைக்காமல், லாரி வரும் காலையில் வைப்பது என்று பேசி முடித்தாயிற்று.

ஒத்துக்கொள்ளாதது ஒரே வீடு, பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருப்பது. மூடியில்லாத தொட்டியில் நாசி லெமாக் பொட்டலங்கள் வழிகின்றன. நாளைக்குப் போய்ப் பேச வேண்டும். பதினொரு மணிக்கு மேல்தான், அதற்கு முன் அங்கே யாரும் எழுவதில்லை.