வளையலும் வாத்தியமும்

மின்னிசை அமைக்கச் சிந்தசைஸர் வேண்டுமென்றான் என் மகன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறி, அண்ணா சாலைக் கடையொன்றுக்குச் சென்றோம். விலையைக் கேட்டதும் என் கை வளையலைத் தடவியது.

இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை சேகர் 1976இல் மறைந்தபின், அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டே அன்னை கரீமா பேகம் குடும்பத்தைக் காத்தார். பின்னர் மகனின் ஒலிப்பதிவுக் கருவிக்காகத் தம் நகைகளையும் விற்றார். ஆனால், அதற்குள் அம்மகன் பல்லாண்டுகள் வாசித்துத் தேர்ந்திருந்தார். என் மகனோ இப்போதுதான் தொடங்குகிறான்.

ஆகவே, பழைய கருவியொன்றை வாங்கினோம். நீங்களும் வாங்குவதாயின், 61 கட்டைகளையும் அழுத்திப் பாருங்கள். 1983இல் அறிமுகமான மிடி இணைப்பு இருந்தால், பழைய கருவியும் இன்றைய கணினியோடு இணையும்.

வளையல் என் கையில்தான் இருக்கிறது. அவன் தேர்ச்சி பெறும் நாளில், தயங்காமல் கழற்றித் தருவேன்.