லித்தியக் கடலில் கொஞ்சம் பொட்டாசியம்

பொட்டாசியத்தை எவ்வளவு விடுவது என்பதில்தான் எங்கள் சோதனையின் பாதி உயிர் இருக்கிறது. சில லட்சம் லித்தியம்-6 அணுக்களை வெற்றிடத்துக்குள் லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தி, சூடு மிகுந்தவற்றைச் சிறுகச் சிறுக வெளியேறவிட்டு, சில நூறு நானோகெல்வினுக்குக் கொண்டுவருகிறோம். இவை ஃபெர்மியான்கள். ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு இருக்க முடியாது என்பதால், அந்தக் குளிரில் ஆற்றல் படிகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக நிரப்பி நிற்கும். இதைத்தான் ஃபெர்மி கடல் என்கிறோம். அதில் நாங்கள் சேர்க்கும் மாசு, பொட்டாசியம்-40. அதிகமாக விட்டால் மாசுகள் ஒன்றையொன்று பாதிக்கும், கடலையும் கலக்கிவிடும். குறைத்தால் கேமராவில் அவற்றின் நிழல் தெரியாது. பதினைந்து, இருபது லித்தியத்துக்கு ஒரு பொட்டாசியம் என்ற கணக்கு எனக்குத் திருப்தியானது.

கடலுக்குள் விட்ட மாசு என்னவாகிறது என்ற கேள்வி பழையது. படிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அயனிகளை இழுத்து இடம்பெயர்க்கும் என்று லெவ் லண்டாவ் 1933-லேயே சொன்னார். இடுப்பளவு ஆற்றில் நடப்பவரோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்தே நகர்கிறது அல்லவா, அப்படி. எலக்ட்ரானையும் அது இழுத்துச் செல்லும் சூழலையும் சேர்த்து ஒரே துகளாகக் கொள்ளலாம். அதன் பெயர் போலரான். அதற்குத் தனி ஆற்றல் உண்டு, கூடுதல் நிறையும் உண்டு. ஆனால் படிகத்தில் இந்த ஈர்ப்பு இயற்கை கொடுத்த அளவுதான். கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. குளிர்வித்த வாயுவில் காந்தப்புலத்தை மாற்றினால் போதும்: ஃபெஷ்பாக் ஒத்ததிர்வுக்கு அருகே, மாசுக்கும் கடலுக்கும் இடையிலான விசையை நினைத்த அளவுக்கு ஏற்றலாம், ஈர்ப்பை விலக்காகவே திருப்பலாம். நான் இந்தத் துறைக்கு வந்தது இதற்காகத்தான்.

லித்தியம்-6, பொட்டாசியம்-40 இணைக்கு நாங்கள் பயன்படுத்தும் ஒத்ததிர்வு சுமார் 155 காஸில் இருக்கிறது. அதன் அகலம் ஒரு காஸுக்கும் குறைவு. பூமியின் காந்தப்புலமே அரை காஸ் இருக்கும்போது, எங்களுக்குச் சில மில்லிகாஸ் துல்லியம் வேண்டும். பக்கத்து மேஜையில் யாரோ இரும்பு நாற்காலியை நகர்த்தினாலும் கவலை வரும். சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இன்னும் பெரிய தொல்லை. புலம் அதோடு சேர்ந்து மெல்ல ஆடும். அதனால் ஒவ்வொரு அளவீட்டையும் மின்னலையின் அதே கட்டம் வரும்வரை காக்கவைத்துத் தொடங்குகிறோம். ஆட்டம் நின்றுவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஆடும், அது போதும்.

அளப்பது ரேடியோ அலையால். பொட்டாசியத்தை முதலில் லித்தியத்தோடு பெரிதாக உறவாடாத சுழல்நிலையில் வைத்திருப்போம். ரேடியோ துடிப்பு அதை உறவாடும் நிலைக்குப் புரட்டும். தனியாக இருக்கும் அணு எந்த அலைவெண்ணில் புரளும் என்பது தெரியும். கடலுக்குள் அது எவ்வளவு விலகுகிறதோ அதுதான் போலரானின் ஆற்றல். பிறகு நிழற்படம். படம் எடுத்ததும் அணு மேகம் அழிந்துவிடும், அடுத்த புள்ளிக்கு, உலோகத்தை ஆவியாக்கும் அடுப்பிலிருந்து வரும் புதிய அணுக்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வளைவரை முழுமையாக ஓர் இரவு ஆகிவிடும்.

துடிப்பை நீட்டிக்கொண்டே போனால் அணு இரு நிலைகளுக்கும் இடையே ஊசலாடும். கடலுக்குள் இந்த ஊசல் மெதுவாகிறது. எவ்வளவு மெதுவாகிறது என்பதிலிருந்து, போலரானுக்குள் பழைய தனி அணு இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கணக்கிடலாம். இத்தொழிலில் இதைவிட அழகான அளவீடு எனக்குத் தெரியாது.

2006-இல் ஃபிரெடெரிக் ஷெவி மிக எளிய ஒரு கணக்குப் போட்டார்: மாசு கடலிலிருந்து ஒரே ஒரு அணுவை மட்டும் மேலே கிளப்பும், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டார். விசை உச்சத்தில் இருக்கையில் மாசின் ஆற்றல், ஃபெர்மி ஆற்றலில் (கடலின் மேல்படியின் ஆற்றலில்) சுமார் 0.61 பங்கு இறங்கும் என்று வந்தது. 2009-இல் எம்.ஐ.டி.யில் மார்ட்டின் ஸ்வியர்லைன் குழு லித்தியத்திலேயே அளந்தது. விடை கிட்டத்தட்ட அதேதான். இத்தனை வலுவான விசையில் இவ்வளவு சிறிய கணக்கு தாக்குப்பிடிப்பது இன்றும் என்னை வியக்கவைக்கிறது. 2012-இல் இன்ஸ்ப்ரூக்கில் ருடால்ஃப் கிரிம் குழு, லித்தியத்தை விலக்கும் போலரானையும் பொட்டாசியத்தில் கண்டது. கடல் போஸான்களால் ஆனதென்றால் கதை வேறு: ஒரே நிலையில் இரண்டு கூடாது என்ற தடை போஸான்களுக்கு இல்லை, மாசைச் சுற்றி எத்தனை அணுவும் குவியலாம். அதை 2016-இல் ஆர்ஹுஸிலும் போல்டரிலும் பார்த்தார்கள்.

மாசுகள் ஒன்றையொன்று அறியாமல் இருக்க இத்தனை பாடுபடுகிறோம். இன்ஸ்ப்ரூக் குழு அண்மையில் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் கூட்டி, கடல் வழியாக மாசுகள் ஒன்றுக்கொன்று என்ன செய்கின்றன என்று அளந்தது. பொட்டாசியம்-40 ஃபெர்மியான், அவை ஒன்றையொன்று விலக்கின. ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள பொட்டாசியம்-41 போஸான், அவை ஈர்த்தன. விசை மிதமாக இருக்கும்வரைதான் இந்த ஒழுங்கு. அது வலுக்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இப்போது என் ஆர்வம். அதற்குப் பொட்டாசியத்தை இதுவரை விட்டதைவிடக் கூடுதலாகவே விட வேண்டியிருக்கும்.