பொத்தான் ஊரின் ரவைக்கூடு

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியின் உறுப்புகளுள் விலை குறைந்ததும், எளிதில் கழற்றி மாற்றத்தக்கதும், துப்பாக்கி இடையில் சிக்கி நின்றால் முதலில் ஐயத்துக்கு உள்ளாவதும், ரவைக்கூடு என்றும் மேகசின் என்றும் வழங்கும் தகட்டுப் பெட்டியே ஆகும். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. சுட்ட வேகத்தில் பின்னே சென்ற ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் நகரும் மேற்பகுதி, மீண்டும் முன்னேறும்போது அடுத்த தோட்டாவைத் தக்க உயரத்திலும் தக்க சாய்விலும் பிடித்திருந்து, தக்க இடம் வந்ததும் விடுவிக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. இப்பொறுப்பு நிறைவேறுவது தகட்டை வளைத்த கோணத்தையும், அதற்கு ஏற்றிய பதத்தையும், உள்ளிருக்கும் சுருள்வில்லின் வலிமையையும் பொறுத்தது என்பதால், ரவைக்கூட்டைத் துப்பாக்கித் தொழிலின் படைப்பாகக் கொள்வதைவிடத் தகட்டுத் தொழிலின் படைப்பாகக் கொள்வதே பொருந்தும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நாகடக் ஆற்றங்கரையில் அமைந்த ஆலை ஊர்கள் இதற்கு நேரடிச் சான்றாக நிற்கின்றன.

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, ஹார்ட்ஃபோர்ட் நகரத்துக் கோல்ட் நிறுவனம் செய்தளித்த, பின்னர் 1911 என்றே வழங்கிய கைத்துப்பாக்கியை அமெரிக்கத் தரைப்படை 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய சோதனையில் ஒரே துப்பாக்கியிலிருந்து 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன என்பது அதன் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. ஏழு தோட்டாக்கள் கொள்ளும் அதன் ரவைக்கூடு, பின்னர் வந்த எண்ணற்ற வடிவங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோலாக இன்றுவரை இருந்துவருகிறது. இரண்டாம் உலகப் போரில் இத்துப்பாக்கியைத் தட்டச்சுப்பொறி நிறுவனமான ரெமிங்டன் ராண்ட் எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்தளித்தது. தையல் இயந்திரத்துக்குப் பெயர்பெற்ற சிங்கர் 500 மட்டும் செய்தது. ரவைக்கூடுகளைச் செய்தவர்களின் பட்டியலோ இதைவிடவும் வியப்புக்குரியது: வாட்டர்பரி நகரின் பொத்தான் நிறுவனமான ஸ்கோவில், நாகடக் ஊரைச் சேர்ந்ததும் பிற்காலத்தில் உதட்டுச்சாயக் குப்பிகளுக்குப் பெயர்பெற்றதுமான ரிஸ்டன், ஹார்ட்ஃபோர்டின் லிட்டில், மின்சவரக் கருவி செய்த ஜெனரல் ஷேவர் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன.

ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் ஆலையின் நீலநிற வெங்காயக் குவிமாடத்தைக் கண்டபின் தென்மேற்கே செல்லும் பயணி, வாட்டர்பரியை நெருங்கும்போது முதலில் காண்பது அந்நகரின் பழைய தொடர்வண்டி நிலையத்துக் கடிகாரக் கோபுரத்தை. இத்தாலியின் சியெனா நகரக் கோபுரத்தைப் பின்பற்றி எழுப்பப்பட்ட அது, பித்தளை வணிகம் அங்கே குவித்த செல்வத்தின் அளவை ஓரளவு உணர்த்துகிறது. 1802இல் தொடங்கிய பொத்தான் பட்டறையிலிருந்து வளர்ந்த ஸ்கோவில் ஆலையின் நிலத்தில் இன்று பெரிய வணிக வளாகம் ஒன்று இயங்குகிறது. அதன் பெயரில் மட்டும் பித்தளை ஆலை எஞ்சியிருக்கிறது. எனினும் வாட்டர்பரியின் மட்டாடக் அருங்காட்சியகத்தின் பொத்தான் தொகுப்பை நின்று நோக்குபவருக்கு, அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் குடிபெயர்ந்துவந்த தொழிலாளர்கள் அந்நகரத்து ஆலைகளில் என்ன கற்றுத்தேர்ந்தார்கள் என்பது விளங்கும்: மெல்லிய உலோகத் தகட்டைக் கிழியாமலும் சுருங்காமலும் ஆயிரம் முறை ஒரே வடிவில் அழுத்தி எடுக்கும் திறமை அது.

அத்திறமை முற்றிலும் மறைந்துவிடவில்லை. வாட்டர்பரியிலும் அதை அடுத்த வாட்டர்டவுன், தாமஸ்டன் ஆகிய ஊர்களிலும் ஐலெட் தொழில் எனப்படும் ஆழ்அழுத்த வேலை இன்றும் நடைபெறுகிறது. காலணிக் கயிறு கோக்கும் துளைக்குப் பொருத்தும் சிறு வளையத்தின் பெயரால் வழங்கினாலும், தகட்டுச் சுருளிலிருந்து வெட்டிய வட்டத்தை வரிசையாக அமைந்த பல அழுத்திகள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக ஆழப்படுத்திக் குழலாக்கும் முறை முழுவதையும் அச்சொல் குறிக்கும். இப்பட்டறைகளில் மதிப்புமிக்கவர் இயந்திரத்தின் அருகில் நிற்பவர் அல்லர். அச்சுகளைக் கடைந்து, அவற்றின் விளிம்பு வளைவை மெருகேற்றி, தகடு எந்த இடத்தில் இழுபட்டு மெலிகிறது என்பதை உடைந்த துண்டைப் பார்த்தே சொல்லிவிடும் டை தொழிலாளியே ஆவார். பல ஆண்டுப் பயிற்சியால் மட்டுமே கைவரும் இவ்வறிவு எந்த விளம்பரத்திலும் இடம்பெறுவதில்லை. ஆனால் ரவைக்கூடு வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது அதற்குத்தான்.

ரவைக்கூட்டின் உடல், எஃகுத் தகட்டைப் பெட்டி வடிவில் மடித்து, முதுகுப்புற இணைப்பைச் சேர்த்துச் செய்யப்படுவது. அதன் வாயில் இருபுறமும் உள்நோக்கி வளைந்து தோட்டாவை அமுக்கிப் பிடிக்கும் விளிம்புகளுக்கு உதடுகள் என்று பெயர். இவை மென்மையாக இருந்தால் நாளடைவில் விரிந்துகொடுக்கும். மிகக் கடினமாக இருந்தால் பின்மூலையில் வெடிக்கும். தொடக்ககால ரவைக்கூடுகளில் மேற்பாதியை மட்டும் சூடான உப்புக் குளியலில் மூழ்கவைத்துத் தோய்ச்சல் ஏற்றியதால், அப்பகுதி நீலச்சாயம் போய்ச் சாம்பல் நிறமாகவும் கீழ்ப்பாதி கருநீலமாகவும் நின்றது. இன்று சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்துத் தேடும் இருநிற ரவைக்கூடு என்பது அழகுக்காக அமைந்ததன்று. வெப்பப் பதம் விட்டுச்சென்ற கறை அது. குதிரைப்படை வீரர் தவறவிடாதிருக்க அடித்தட்டில் கயிறு கட்டும் வளையம் இருந்தால் அது இன்னும் பழையது என்று கொள்ளலாம். போர்க்காலத்தவற்றில் அடித்தட்டின் விளிம்பில் பொறித்த எழுத்துகள் செய்தவரைக் காட்டும்: எஸ் என்பது ஸ்கோவிலையும், ஆர் என்பது ரிஸ்டனையும், எல் என்பது லிட்டிலையும், ஜி என்பது ஜெனரல் ஷேவரையும் குறிக்க, இவற்றுள் சிலவற்றின் முன் சி என்ற எழுத்துச் சேர்ந்துவந்தால் கோல்ட் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது என்று பொருள்.

எழுத்தைவிட உதட்டின் வடிவமே பயன்படுத்துவோருக்கு முதன்மையானது. பிரௌனிங்கின் மூல வடிவில் உதடுகள் முன்னோக்கிச் செல்லச்செல்ல மெல்ல விரிவதால், தோட்டா படிப்படியாக உயர்ந்து, அதன் அடிவிளிம்பு இழுகொக்கியின் கீழ் நழுவி அமர்ந்த பிறகே முழுதும் விடுபடுகிறது. இழுகொக்கி என்பது சுட்ட உறையைப் பின்னே இழுத்து வெளியேற்றும் வளைந்த உறுப்பு. குறிசுடும் போட்டியாளர்கள் தாளில் கூர்மையான துளை விழுவதற்காகத் தோள்வெட்டிய குட்டைக் குண்டுகளைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, தோட்டாவை முன்கூட்டியே சட்டென விடுவிக்கும் இணைகோட்டு உதடுகள் தோன்றின. இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பு வடிவம் பின்னர் வந்து இன்று பரவலாக வழங்குகிறது. உருண்டைமுனைக் குண்டு மட்டும் சுடுபவர் மூல வடிவைத் தேர்வதில் பிழையில்லை; வேறு வகைக் குண்டு சுடுபவருக்குக் கலப்பு வடிவமே ஏற்றது. இணைகோட்டு உதடுகளில் தோட்டா கொக்கிக்கு முன்னே துள்ளிவிடும் வாய்ப்பு இருப்பதால், அதைப் பொதுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

தோட்டா அடுக்கைக் கீழிருந்து தாங்கி உயர்த்தும் தாங்குதட்டில் மூல வடிவமைப்பாளர் சிறு புடைப்பு ஒன்றை வைத்தார். கடைசித் தோட்டா மேலிருந்து அழுத்த வேறொன்று இல்லாத நிலையில், சுடும் அதிர்வில் தானாக முன்னே வழுகாமல் அது தடுக்கிறது. அதே நீளப் பெட்டியில் எட்டாவது தோட்டாவுக்கும் இடம் தேட முனைந்தவர்கள் தாங்குதட்டின் கால்களைக் குறைத்தார்கள், சுருள்வில்லின் இடத்தையும் சுருக்கினார்கள். ஒரு தோட்டா கூடுதலாகக் கிடைத்த அளவுக்கு வில்லின் சேமவலிமை குறைந்தது. அடித்தட்டைச் சற்று நீட்டிப் பெட்டியையே பெரிதாக்கிய வடிவங்களில் இக்குறை பெரிதும் நீங்கியது. எண்ணிக்கையில் ஒன்று கூடுவதற்கு வணிகம் கொடுக்கும் மதிப்பு, அந்த ஒன்றால் இழக்கும் நம்பகத்துக்கு ஈடாகாது.

செய்தவரின் திறமை மட்டும் போதாது, வாங்குபவர் விதிக்கும் விவரக்குறிப்பும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஈராக் போர் சான்று. 1985இல் 1911 துப்பாக்கிக்கு மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்9 கைத்துப்பாக்கியின் 15 தோட்டா ரவைக்கூடுகளுக்கு, துருவைத் தடுக்கும் நோக்கில் தடித்த பாஸ்பேட் பூச்சு கேட்கப்பட்டது. சொரசொரப்பான அப்பூச்சு பாலைநிலத்தின் மாவுபோன்ற மணலை உட்சுவரில் பிடித்துவைக்க, தாங்குதட்டு பாதிவழியில் நின்றது, சுருள்வில்லின் மீதே பழி விழுந்தது. வழுவழுப்பான பூச்சுடன் மணலைத் தாங்கும் ரவைக்கூடு பின்னர் வந்தது. ஒப்பந்தத்தில் சொன்னபடி செய்த பொருள் களத்தில் தோற்றதை, செய்த கைகளின் குற்றமாகக் கொள்வது முறையன்று.

ரவைக்கூட்டைச் சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்தபின், வெற்று ரவைக்கூட்டின் தாங்குதட்டை மரக்குச்சியால் அடிவரை அழுத்திவிட்டால், தடங்கலின்றி ஒரே சீராக மேலே வர வேண்டும். நடுவில் தயங்கினால் உடலில் நசுங்கலோ உட்புறத்தில் பிசிரோ இருக்கும். உதடுகளின் இடைவெளியை, குறையின்றி இயங்கும் மற்றொன்றின் அளவோடு வெர்னியர் காலிப்பரால் ஒப்பிடலாம்; பின்மூலைகளில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதை வளைத்துச் சீராக்க முயல்வதைவிடக் கழித்துவிடுவதே நன்று. கடைசித் தோட்டா சுட்டபின் ஸ்லைடு பின்னிலையில் பூட்டிக்கொள்ளவில்லையென்றால் வில் தளர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. வில் மலிவானது, மாற்றத்தக்கது. நிரப்பி வைத்திருப்பதால் நல்ல வில் கெடுவதில்லை, மீண்டும் மீண்டும் அமுங்கி விரிவதாலேயே தளர்கிறது. ஒவ்வொரு ரவைக்கூட்டின் அடித்தட்டிலும் எண் எழுதி வைக்கும் பழக்கம் பயிற்சிக்களங்களில் பரவலாக உண்டு. துப்பாக்கி சிக்கும்போதெல்லாம் எந்த எண் உள்ளே இருந்தது என்று குறித்துவைத்தால், பழுது துப்பாக்கியிலா ரவைக்கூட்டிலா என்பது விரைவில் தெளிவாகும்.

நாகடக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத நியூடவுன் ஊரின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், 2013இல் கனெக்டிகட் மாநிலம் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் ரவைக்கூடுகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஏழு கொள்ளும் 1911 அவ்வரம்புக்குள் அடங்குவதால், ஸ்கோவிலும் ரிஸ்டனும் முத்திரையிட்டவை அம்மாநிலத்தில் இன்றும் கைமாற இச்சட்டம் தடையாக இல்லை. எனினும் எண்பது ஆண்டு கடந்த தகட்டையும் வில்லையும் சேகரிப்பாகப் பேணுவது ஒன்று, அவற்றை நம்பிச் சுடுவது மற்றொன்று; இருநிற ரவைக்கூட்டுக்குக் கொடுக்கும் விலையில், சுடுவதற்கென்று புதியவை பலவற்றை வாங்கிவிடலாம்.