பழுதும் புதிதும்

பழுது பார்ப்போர் நம் தெருக்களைத் தேடிவந்த காலம் ஒன்று இருந்தது. ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வருவார். குடை தைப்பவர் கம்பிக் கட்டோடு வருவார். அம்மி கொத்துகிறவர் உளியோடு வருவார். அவர்கள் குரல் கேட்டதும் வீட்டுப் பெண்கள் பரணிலும் மூலையிலும் கிடந்த பொருள்களை எடுத்துவந்து திண்ணையில் வைப்பர். உடைந்துவிட்டது என்பதற்காக ஒரு பொருள் வீட்டோடு கொண்ட உறவை இழந்துவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் எந்த ஏட்டிலும் படிக்காமலே அத்திண்ணையில் கற்றுக்கொண்டனர்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை எங்கே இருக்கிறது? இவ்வினாவை அண்மையில் நம்முன் வைத்தது, நம் பேரனின் கையடக்க விளையாட்டுக் கருவி.

நம் மகன் பணியின் பொருட்டு வளைகுடா நாட்டுக்குப் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர், தன் மகனுக்கு அந்த வீடியோ கேம் கருவியை வாங்கித் தந்தான். புறப்படும் நாள்வரை இரவுதோறும் இருவரும் அதில் ஒரு கற்பனை ஊரைக் கட்டி எழுப்பினர். ஆற்றின் ஒரு கரையில் பிள்ளை அமைத்த வீடுகள். மறு கரையில் தந்தை அமைத்த தோட்டம். இரண்டையும் இணைக்க இருவருமாகச் சேர்ந்து போட்ட பாலம். தந்தை விமானம் ஏறிய பின்னரும் பிள்ளை அந்தத் தோட்டத்தில் ஒரு செடியையும் இடம் மாற்றவில்லை.

மூன்றாம் ஆண்டில் கருவி நோயுற்றது. முதலில் இடப்புறக் குமிழ் கெட்டது. கையை எடுத்த பின்னும் திரையிலுள்ள உருவம் தன்போக்கில் நடந்துகொண்டே இருந்தது. பிறகு சார்ஜ் ஏறுவது நின்றது. ஒரு மாலையில் திரை முற்றிலும் இருண்டுவிட்டது.

தொலைபேசியில் செய்தி கேட்ட மகன், “புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள் அத்தா, பணம் அனுப்புகிறேன்” என்றான். தொலைவில் இருக்கும் தந்தைக்குப் பணம்தானே கைக்கு எட்டும் கருவி! கடைக்காரரும் அதையே சொன்னார்; புதியதன் விலை 24,000 ரூபாய். நிறுவனத்தின் சேவை மையத்தில் இருந்தவரோ, உத்தரவாதக் காலம் கழிந்துவிட்டதென்றும், உள்ளிருக்கும் மதர்போர்டையே மாற்ற வேண்டுமென்றும், அதற்குப் புதியதன் விலையில் மூன்றில் இரண்டு பங்கு ஆகுமென்றும் கூறினார். பதிவுகள் அழிந்தால் நிறுவனம் பொறுப்பன்று என்ற தாளில் கையொப்பமும் கேட்டார்.

பேரன் நம் சட்டையைப் பற்றி இழுத்தான். “நன்னா, பதிவு போயிட்டா அத்தா போட்ட தோட்டமும் போயிடுமா?”

“போய்விடும் தம்பி” என்றார் அவர், கனிவோடுதான். நாம் கையொப்பமிடாமல் எழுந்தோம்.

இத்தகைய கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால் அவை என்றுமே இவ்வாறு பூட்டப்பட்ட பெட்டிகளாக இருந்ததில்லை என்பது விளங்கும். 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தொடங்கிய நின்டெண்டோ, 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் கையடக்க விளையாட்டுகளை வெளியிட்டது. அவற்றை உருவாக்கிய கும்பேய் யோகோய் என்பவரின் குழுவே 1989இல் ‘கேம் பாய்’ கருவியையும் தந்தது. நன்கு பழகித் தேர்ந்த மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே அதில் வண்ணத்திரை இல்லை. நான்கு பேனா பேட்டரிகள் போதும். அவை தீர்ந்தால் பிள்ளையே மூடியைத் திறந்து வேறு நான்கைப் போட்டுவிடலாம். மறு ஆண்டு செகா நிறுவனம் வெளியிட்ட ‘கேம் கியர்’ வண்ணத்தில் பொலிந்தது. ஆயினும் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. வென்றது வண்ணம் அன்று, எளிமையே வென்றது.

இன்றோ பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. உறையை மூடும் திருகாணிகளிலும் சில, மூன்று சிறகுகள் கொண்ட தனி வடிவின. வீட்டிலுள்ள ஸ்குரூ டிரைவர் அவற்றுக்குப் பொருந்தாது. ‘இது உன்னுடையது, ஆனால் நீ திறக்கக்கூடாது’ என்று நிறுவனம் நம்மிடம் சொல்லும் மொழி அது. திறக்க முடியாத பொருளுக்கு நாம் உரிமையாளரா, வெறும் காவலாளியா?

சென்னையில் ரிச்சி தெருவை அறியாதார் அரியர். அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் குறுகிய சந்துகளில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் ஒரு நுண்ணோக்கியுமாக அமர்ந்திருந்த ஒருவரிடம் நாம் சென்றோம். அவர் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கருவியின் உருவை வரைந்தார். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே தாளில் வைத்தார். பேரன் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்து, “இங்கே அடி தம்பி” என்றார். கால் மணி நேரத்தில் அவன் பார்வையாளன் நிலையிலிருந்து உதவியாளன் நிலைக்கு உயர்ந்துவிட்டான்.

“பேட்டரி உப்பியிருக்கு பாய். நல்லவேளை, இதைக் குத்தியோ நெம்பியோ எடுக்காம கொண்டுவந்தீங்க, தீப்பிடிச்சிருக்கும்” என்று சொல்லி, அதை மெல்ல விடுவித்து மணல் நிறைந்த தகரப்பெட்டியில் இட்டார். சார்ஜ் செருகும் துளையில் இரண்டு முனைகள் வளைந்திருந்தன. வெப்பக்காற்றால் பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைத்தார். பின்பு குமிழைப் பிரித்துக் காட்டினார். அதனடியில் கரிப்பூச்சுப் பூசிய சிறு தடங்கள் உள்ளன. அவற்றின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிச் செல்கிறது. அது நிற்கும் இடத்தின் மின்தடையைக் கொண்டே கை எப்பக்கம் தள்ளுகிறது என்று கருவி அறிகிறது. ஆயிரமாயிரம் முறை உரசிய பின் பூச்சுத் தேய்கிறது, பொய்க்கணக்கு எழுகிறது. எவரும் தொடாமலே உருவம் நடந்ததன் மர்மம் அதுதான்.

உரசலே இல்லாமல் காந்தத்தைக் கொண்டு இடமறியும் முறையும் உண்டு. 1998இல் வெளிவந்த ‘டிரீம்காஸ்ட்’ கருவியின் கைப்பிடியிலேயே அது இருந்தது. ஆகவே தேயாத குமிழைச் செய்யத் தெரியாமல் தேயும் குமிழைச் செய்கிறார்கள் என்று நாம் நம்ப வேண்டியதில்லை.

மொத்தக் கூலி, பொருள்களுடன், 2,100 ரூபாய். “பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று நாம் பலமுறை சொன்னோம் போலும். அவர் நிமிர்ந்து, “நம்பிக் கொடுத்த பொருள் அமானிதம் பாய்” என்றார். நம்மவர் சொல்லை நமக்கே திருப்பித் தந்த அம்மனிதரின் நெற்றியில் திருநீறு துலங்கிக்கொண்டிருந்தது.

உலகெங்கும் இதுகுறித்து இன்று சட்டங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2023இல் இயற்றிய பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம், 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உதிரிப் பொருள்களையும் கருவிகளையும் விளக்க நூல்களையும் உரிமையாளருக்கும் வெளிப் பழுதுபார்ப்போருக்கும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் வீடியோ கேம் கருவிகளுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. திறக்க விட்டால் திருட்டு நகல்கள் பெருகும் என்பது நிறுவனங்களின் வாதம். அவ்வச்சத்தில் நியாயம் அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விளையாட்டை ஆக்கியோனுக்கும் உழைப்பின் பயன் கிட்ட வேண்டும். எனினும் தேய்ந்த குமிழையும் உப்பிய பேட்டரியையும் மாற்றுவதால் எந்த நகலும் பிறப்பதில்லையே! ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்ற இயல வேண்டுமென்று விதித்து, அதற்கு 2027 பிப்ரவரி 18ஆம் நாளைக் குறித்தது. நம் நாட்டிலும் ஒன்றிய அரசு 2022இல் இவ்வுரிமைக்கென ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அது முதலில் எடுத்துக்கொண்டது.

இஃது ஒரு பிள்ளையின் பொம்மையைப் பற்றிய சிறு செய்தி என்று ஒதுக்கிவிடுதல் தகாது. ஐ.நா. சார்பு அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதன் நஞ்சு ஏதோ ஓர் ஏழையூரின் மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

எல்லாவற்றையும் பழுது பார்த்தே தீர வேண்டும் என்பதும் எம் கட்சி அன்று. நீரில் ஊறி மதர்போர்டு அரித்துப்போனால், நம்பத்தக்க பேட்டரி கிடைக்காவிடில், கூலி பாதி விலையைத் தாண்டினால், புதியதை வாங்குதலே அறிவுடைமை. ஆனால் அம்முடிவு, பொருளைத் திறந்து பார்த்த பின் எடுக்கும் முடிவாக இருக்கட்டும். விற்பவர் சொல்லி நாம் தலையாட்டும் முடிவாக இருக்க வேண்டாம். பழுது பார்க்கும்போது பிள்ளை அருகில் இருக்கட்டும். தன் கைப்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறை கண்டவன், அடுத்த முறை அதை மேசையின் விளிம்பில் வைக்கமாட்டான்.

கருவி உயிர்பெற்ற அன்றிரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். “புதியது வாங்கியாயிற்றா?” என்று கேட்டான்.

“வேணாம் அத்தா” என்றான் பேரன். “பாலம் அப்படியே இருக்கு. நீங்க வந்ததும் அந்தக் கரையில மிச்சத்தைக் கட்டலாம்.”