செய்தித்தாள் ஆபீசில் பிறந்த ஜாங்கோ

இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பிருக்காது என்பார்கள். மென்பொருள் உலகில் மட்டும் இந்தப் பேச்சு எடுபடுவதில்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற உள்ளூர் செய்தித்தாள். 2003-ல் அதன் இணையப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும். செய்தித்தாள் வேலை என்றால் தெரியுமே! செய்தி ஆறிப்போவதற்குள் பக்கம் தயாராக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து எழுதினால் கட்டுப்படியாகுமா? பொதுவான வேலைகளைத் தனியே பிரித்து, பைத்தான் மொழியில் ஒரு சட்டகமாக்கினார்கள். ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் நினைவாக ஜாங்கோ என்று பெயர்.

2005 ஜூலையில் அது பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியானது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கும் மென்பொருளிலும் சேர்க்கலாம். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2004-ல், டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸும் இதே கதைதான். பேஸ்கேம்ப் என்ற தளத்துக்காக எழுதியதிலிருந்து பிரித்தெடுத்தது அது.

சம்பளம் கொடுத்து உருவாக்கிய சொத்தைச் சும்மா கொடுப்பதா? காமர்ஸ் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் கொடுத்த பிறகுதான் முகம் தெரியாத பலர் பிழை திருத்தினார்கள், புது வசதிகள் சேர்த்தார்கள். 2008-ல் ஜாங்கோவுக்கென்று தனி அறக்கட்டளையே வந்துவிட்டது. இந்த லாபம் எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் ஏறாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். டேட்டாபேஸ் என்பது பேரேடு மாதிரி, எல்லாம் அட்டவணை. நிரலில் இருப்பதோ வாடிக்கையாளர், பில், சரக்கு என்ற பொருள்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் ஓ.ஆர்.எம். 'வாடிக்கையாளர்' என்று ஒரு கிளாஸ் எழுதினால் போதும். அதற்கான அட்டவணையை ஜாங்கோவே உருவாக்கித் தரும். பெரும்பாலான வேலைகளுக்கு எஸ்.க்யூ.எல். ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

வசதிதான். ஆனால் மறைந்திருக்கும் செலவும் உண்டு. 100 பில்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பில்களுக்கு 1, பெயர்களுக்கு 100, ஆக 101 கேள்விகள் டேட்டாபேஸுக்குப் போகும்! 'செலக்ட் ரிலேட்டட்' என்று சேர்த்தால் ஒரே கேள்வியில் முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. கணக்கில் இருப்பு ரூ.1000. ஒரே நேரத்தில் ஒருவர் ரூ.300, இன்னொருவர் ரூ.500 எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் 1000 என்றே படிக்கின்றன. ஒன்று 700 என்று எழுதுகிறது. அதன் மேல் மற்றது 500 என்று எழுதுகிறது. இருக்க வேண்டியது 200. காணாமல் போன 300 ரூபாய்க்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. கேட்டால் எல்லாம் சரியாக ஓடியதாகவே கணினி சொல்லும்!

இதற்கும் மருந்து ஜாங்கோவிலேயே இருக்கிறது. ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டு அந்த வரியைப் பூட்டினால், முதல் ஆள் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஆனால் பூட்ட வேண்டிய இடம் எது என்பதைச் சட்டகம் சொல்லாது. உள்ளே நடப்பது தெரிந்தவருக்கே அது புரியும்.

கணக்கு மென்பொருள் வந்த பிறகும் பற்று, வரவு தெரியாதவர் கணக்கர் ஆக முடிகிறதா? இதுவும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர் கூடவே இருக்கட்டும். மொழியையும் கொஞ்சம் கற்று வைத்துக்கொள்ளுங்கள்.