ஐடாவோவுக்கு, ஆரணியிலிருந்து



உன் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் வேறு மாதிரி உச்சரிப்பார்கள். ஆரணியில் பட்டு நெசவாளி வீட்டில் பிறந்த என் வாய்க்கு நீ ஐடாவோதான். தாவரங்களை அடையாளம் காட்டும் மென்பொருளாக உன்னை உருவாக்கியவர் பிரான்சின் சிராட் நிறுவனத்துப் பியர் கிரார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பி. ஆர். ரமேஷ், என். அய்யப்பன் போன்றவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களை உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு நீ ஒரு குறுந்தகடாக வந்து சேர்ந்தாய்.

ஐடாவோ, உனக்கு முன்னால் என் கையில் இருந்தது பாஸ்கல் என்பவரும் அதே ரமேஷும் அந்தக் காட்டு மரங்களுக்கு 1987இல் எழுதிய கள வழிகாட்டி. அருமையான புத்தகம், குறை என்னிடம்தான். 1778இலேயே லமார்க் தம் நூலில் கையாண்ட முறைதான் அந்தப் புத்தகத்தினுடையதும். 'இதுவா, அதுவா' என்று கவைக்குக் கவை நிறுத்திக் கேட்கும். விடை தெரியாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். தப்பான கிளையில் ஏறிவிட்டாலோ எனக்கு இறங்கத் தெரியாது.

ஐடாவோ, நீ அப்படி வழிமறிக்கவில்லை. இலை, காம்பு, பட்டை, பால், காய் என்று எல்லாவற்றையும் படமாகப் போட்டு, தெரிந்ததைத் தொடச் சொன்னாய். எதிரெதிர் இலையைத் தொட்டேன். கிள்ளினால் மஞ்சள் பால் என்பதைத் தொட்டேன். கொடம்புளி மேலே ஏறி வந்தது. அதன் பூவை அதுவரை நான் பார்த்ததில்லை! ஓர் அடையாளத்தை மாற்றித் தொட்டபோதும் சரியான மரத்தை நீ விரட்டிவிடவில்லை. ஒற்றுமைச் சதவீதத்தைக் குறைத்து இரண்டு மூன்று பெயர்களுக்குக் கீழே உட்கார வைத்தாய், அவ்வளவுதான். இப்போது படம் பிடித்ததும் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. நன்றாகவே சொல்கின்றன. ஆனால் இலையைக் கிள்ளிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதான், அதற்கு நன்றி.

ஐடாவோ, உன் விஷயத்தில் நான் அப்பாவுக்குப் பெரிய கடன் பட்டிருக்கிறேன். ஆங்கிலம் தெரியாத அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சநேரம் உன்னைப் பார்த்துவிட்டு, "இது அட்டை வேலைதான்டா" என்றார். தறிமேல் ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். முந்தியில் மயில் அப்படித்தான் வருகிறது. நான் சிரித்தேன். பல வருஷம் கழித்துப் படித்தேன்: மரவகைகளை அடையாளம் காண இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் 1938இல் கையாண்டவை துளையிட்ட அட்டைகள். உன் பாட்டனை அப்பா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

ஐடாவோ, அவரை உறுத்தியது வேறு. "தறியில ஒரு துளை தப்பினா மயிலுக்கு மூக்கு போயிடும். இதுல தப்பாத் தொட்டாலும் மரம் வருதே, எப்படி?" என்று கேட்டார். நான் சதவீதக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கொல்லைக்குப் போய், ஒரு கொய்யாக் கிளையை ஒடித்து வந்து நீட்டினார்.

"இதைக் கேளு."

மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரங்கள் மட்டும்தான் உனக்குத் தெரியும் என்றேன். பக்கத்து ஜவ்வாது மலைக்கே நீ ஆளில்லை, எங்கள் கொல்லைக்கு எங்கே போவாய்! அப்பா நம்பவில்லை. கிளையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரெதிர் இலைப் படத்தைத் தாமே தொட்டுவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.