அம்மாவின் சுங்குடிப் புடவை

பிறக்கப் போகிற குழந்தைக்கு முன்கூட்டியே புதுத் துணி வாங்கி வைக்கலாகாது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் கட்டளை. சாஸ்திரத்தில் இதற்கு ஆதாரம் உண்டோ இல்லையோ, பிறந்த சிசுவின் மேனிக்கு இது மிகவும் பொருந்திய விதி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். இழையில் விறைப்பு இருக்கும். சாயமும் சில சமயம் ஒட்டும். நூறு தடவை துவைத்து வெயிலில் காய்ந்த பருத்திப் புடவையில் இவை ஒன்றும் இரா. ஈரத்தையும் அது உடனே உறிஞ்சிக்கொள்ளும்.

என் தமக்கையின் மகளுக்கு இது தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குப் பெரியவர்களின் கட்டளை எட்டவில்லை போலும். கரடிப் பொம்மை அச்சிட்ட கனத்த மெத்தைப் போர்வை ஒன்றைத் தருவித்துவிட்டார். தொட்டால் பஞ்சு போலிருக்கிறது; ஆனால் பஞ்சு அல்ல, பாலியெஸ்டர். மதுரை வெயிலில் அதைப் பெரியவர்களே ஐந்து நிமிஷம் தாங்க மாட்டார்கள். "சித்தி, பாட்டி எனக்குத் தைத்த மாதிரி ஒன்று நீங்கள் தைத்துத் தாருங்களேன்" என்றாள் பெண்.

தைப்பது பெரிதல்ல. துணிதான் விவகாரமாயிற்று.

அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவள் கட்டிய புடவைகளில் ஐந்தைத் தமக்கை பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அவற்றில் அரக்குச் சிவப்புச் சுங்குடி ஒன்று உண்டு. அதைத்தான் கேட்டேன். "அம்மா புடவையில் கத்திரி வைப்பாயா?" என்றாள். அந்தக் குரலுக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு, மடித்த மடிப்பிலேயே கிடக்கும் துணி மடிப்பில்தான் முதலில் இற்றுப் போகும் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை பெட்டிச் சாவி என் மேஜைமேல் இருந்தது.

கத்திரி வைக்கவில்லை. ஓரத்தில் சிறிது நறுக்கிவிட்டுக் கையால் கிழித்தால் துணி இழைப்போக்கிலேயே நேராகப் போகும். கத்திரி கோணலாகப் போனாலும் போகும். சர்ரென்று அது கிழிந்த சத்தம் வீடு முழுதும் கேட்டிருக்கும். தமக்கை வெளியே வரவில்லை.

இரண்டு முழ நீளம், ஒன்றரை முழ அகலம், அதாவது 36 அங்குலத்துக்கு 27 அங்குலமாக நான்கு துண்டுகள். திடமான பாகம் இரண்டும் மேலும் கீழும். நைந்த பாகம் இரண்டும் நடுவில். ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துச் சிறிது நீர் தெளித்துச் சுருக்கம் நீவினேன். பின்பு நடுவிலிருந்து நாலு பக்கமும் நீளத் தையலாக இழையோட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து குவிந்துவிடும். அதன் பிறகு விரலளவு இடைவெளி விட்டு வரிசை வரிசையாக ஓட்டுத் தையல். ஒவ்வொரு தையலும் ஓர் அரிசி நீளம். நூல் முடிச்சு மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும். குழந்தையின் முதுகில் உறுத்தலாகாது. உட்காரும்போது எத்தனை ஊசியோ எழுந்திருக்கும்போதும் அத்தனை ஊசி இருக்கிறதா என்று எண்ணிவிடுவது உத்தமம். பள்ளிக்கூடத்துப் புத்தி!

நாலு மடிப்புக்கு மேல் போவதில் லாபமில்லை. ஐப்பசி மழையில் காயாது. நடுவே பஞ்சு அடைத்தாலோ, இரண்டு சலவையில் கட்டி கட்டியாகிவிடும்.

பாரத தேசம் முழுதும் ஏழை வீட்டுப் பெண்கள் கண்ட வித்தை இது. வங்காளத்தில் காந்தா என்பார்கள். பழம் புடவையின் கரையிலிருந்து உருவிய வர்ண நூலாலேயே அங்கே தைப்பது வழக்கம். பிகாரில் இதற்குச் சுஜனி என்று பெயர். பிறந்த குழந்தைக்கென்றே பழந்துணிகளைச் சேர்த்துத் தைப்பார்கள். கன்னட நாட்டில் கௌதி. வங்கக் கவி ஜசீமுத்தீன் 1929-ல் வெளியிட்ட நெடுங்கவிதை ஒன்றில், கணவனைப் பிரிந்த பெண் தன் கதை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்துவிட்டு, அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லிச் சாகிறாள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயரும் இல்லை, பூவேலையும் இல்லை. அம்மா இதை வெறுமே 'விரிப்பு' என்பாள்.

விரிப்பு விரிக்கத்தான், போர்த்துவதற்கு அல்ல. ஒரு வயது வரையில் தூங்கும் குழந்தையின் அருகே தளர்ந்த துணியும் தலையணையும் வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்கிறார்கள் இக்காலத்து வைத்தியர்கள். கேட்க வேண்டிய வார்த்தை. குழந்தை விழித்துக் கைகால் உதைக்கும் நேரத்துக்குப் பாய்மேல் போடவும், மடியில் போட்டு எண்ணெய் தேய்க்கவும் இது போதும்.

பதினோரு நாள் மாலைகளில் வேலை முடிந்தது. கடைசி இரண்டு வரிசையை நான் போடவில்லை. ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது அவை போட்டு முடிந்திருந்தன. தையல் என்னுடையதைவிடச் சிறியது, அம்மாவின் அளவு. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மீந்த முந்தானையை அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

துவைத்துப் போட மாற்றுக்கு இன்னொன்று வேண்டும். அப்பாவின் கதர் வேட்டி ஒன்று அதே பெட்டியில் இருக்கிறது. தமக்கை இன்னும் சம்மதிக்கவில்லை.